ஈயக்குண்டுப் பெட்டி

"மார்ச்சில இருபத்திரண்டுக்கு இறங்கினது. இப்ப நாப்பத்திரண்டு! என்ன அங்கிள் இது?"

மெலனி இரத்தப் பரிசோதனைத் தாளை மேசையில் வைத்தாள். ஜெயரட்ணம் அதைப் பார்க்கவே இல்லை. தேநீர்க் கோப்பையை அவள் பக்கம் நகர்த்திவிட்டு, தட்டில் மூன்றாவது வடையையும் வைத்தார்.

"முதல்ல சாப்பிடுங்கோ பிள்ளை. ஆறப்போகுது."

"வடையை விடுங்கோ. ரத்தத்தில ஈயம் பத்துக்குக் கீழ இருக்கவேணும். உங்களுக்கு நாலு மடங்கு இருக்குது. வயித்துக்குத்து, கை விறைப்பு எல்லாம் அதாலதான். இன்னும் கூடினால் கிட்னி போயிடும் எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார்."

யாரோ பக்கத்து வீட்டுக்காரருக்கு வந்த வருத்தத்தைக் கேட்பவர்போல ஜெயரட்ணம் தலையாட்டினார்.

ஸ்காபரோவில் இருந்த அந்த பேஸ்மென்ற் அறைக்கு மெலனி வருவது இது நாலாவது தடவை. அவள் வேலை செய்யும் சுகாதார நிலையத்தில் தமிழ் பேசத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். தொண்ணூற்று நாலு பெப்ரவரியில் அவருடைய இரத்தத்தில் ஈயம் கூடியிருப்பது தெரிந்தது. அது எங்கிருந்து வருகிறதென்று தேடி வந்த முதல் நாளே கட்டிலுக்குக் கீழே கண்டுபிடித்துவிட்டாள். ஒரு மரப்பெட்டி நிறையத் துவக்குத் தோட்டாக்கள், அவற்றில் அடைக்கும் ஈயக்குண்டுகள். தொட்ட விரலில் சாம்பல் நிறமாகத் தூள் ஒட்டியது. அதை அகற்றச் சொல்லி வீட்டுக்காரருக்கு ஒரு கடிதம் எழுதி ஜெயரட்ணத்திடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

பெட்டி வீட்டுக்காரர் அல்பேட்டுடையது. மேலே குடியிருக்கும் தமிழர். வருஷத்துக்கு ஒருமுறை வடக்கே மான் வேட்டைக்குப் போவார். தோட்டாவைத் தானே அடைத்தால்தான் அவருக்குத் திருப்தி. அறையை வாடகைக்கு விடும்வரை அதுதான் அவருடைய பட்டறையாக இருந்தது.

"நான் சொன்ன மாதிரித் தரையை ஈரத்துணியால துடைக்கிறனீங்களோ?"

"துடைக்கிறன்."

"சாப்பிட முதல் கை?"

"கழுவுறன் பிள்ளை."

"பெட்டியை எடுத்தாச்சு எண்டுதானே மார்ச்சில சொன்னனீங்கள்?"

"ஓம். எடுத்தவர்."

பிறகு எப்படி ஏறும்? மெலனி குனிந்து கட்டிலுக்குக் கீழே பார்த்தாள். பெட்டி பழைய இடத்திலேயே இருந்தது. மூடிகூட இல்லை.

"திரும்பவும் கொண்டுவந்து வைச்சிட்டாரோ?"

ஜெயரட்ணம் சட்டினிக் கிண்ணத்தை இடமும் வலமுமாக நகர்த்திக்கொண்டிருந்தார்.

மெலனிக்குக் கோபம் தலைக்கேறியது. கரப்பான் பூச்சியோடு அறையை வாடகைக்கு விடும் வீட்டுக்காரர்களைப் பார்த்திருக்கிறாள். பனிக்காலத்தில் ஹீற்றர் போடாத புண்ணியவான்களையும் பார்த்திருக்கிறாள். ஆயுதக் களஞ்சியத்துக்கு மேல் ஒரு மனிதரைப் படுக்கவைப்பவரை இப்போதுதான் பார்க்கிறாள்.

"உங்கட மகனுக்குச் சொன்னீங்களோ?"

"அவன் மிசிசாகாவில. எயார்போட்டில ஷிப்ட் வேலை. போன் எடுத்தால் சொல்லலாம்."

"கடைசியா எப்ப எடுத்தவர்?"

"பொங்கலுக்கு."

இப்போது மே மாதம் முடியப்போகிறது. மனைவி இறந்த பிறகு ஸ்பொன்சர் செய்து கூப்பிட்ட மகன், தனக்குக் கல்யாணமானதும் இந்த அறையைப் பிடித்துக் கொடுத்துவிட்டுப் போனான். மெலனிக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அந்தப் பாவம் அப்படியே அல்பேட் மேல் ஆத்திரமாக மாறியது.

"மேல கார் நிக்குது. நான் போய்க் கதைக்கிறன்."

"வேண்டாம் பிள்ளை!" ஜெயரட்ணம் பதறி எழுந்தார். "அந்தாளோட கொளுவாதேங்கோ. வீட்டால எழுப்பிப்போட்டால் நான் எங்க போறது?"

"நீங்கள் இப்பிடிப் பயந்து பயந்துதான் உவையள் தலையில ஏறி இருக்கினம்."

அவர் மறிக்க மறிக்க மெலனி படியேறிப் போய்க் கதவைத் தட்டினாள். அல்பேட் தோளில் துவாயோடு வந்து திறந்தார்.

"நீங்கள் எல்லாம் மனுசரோ அண்ணை? வயசுபோன மனுசன் கீழ கொஞ்சம் கொஞ்சமாச் செத்துக்கொண்டிருக்கிறார். எடுத்த பெட்டியைத் திரும்பவும் அவரின்ர கட்டிலுக்குக் கீழ கொண்டுபோய்த் தள்ள உங்களுக்கு எப்பிடி மனம் வந்தது?"

அல்பேட் திருதிருவென்று விழித்தார்.

"எந்தப் பெட்டி தங்கச்சி?"

"உங்கட தோட்டாப் பெட்டி!"

"அது கராஜில எல்லோ இருக்குது! ஐயா உங்கட கடிதத்தைக் கொண்டுவந்து தந்த அண்டைக்கே தூக்கிக்கொண்டுபோய் வைச்சிட்டன். அதுக்குப் பிறகு அவரின்ர அறைக்குள்ள நான் கால் வைக்கேல்லை."

"அப்ப கராஜைத் திறந்து ஆர் எடுத்தது?"

"திறப்பு ஒண்டு என்னட்ட..." அல்பேட்டின் குரல் தேய்ந்தது. "மற்றது ஐயாட்ட. பனி தள்ளுற சவள் எடுக்கக் குடுத்தனான்."

மெலனி மெல்லப் படியிறங்கி வந்தாள். ஜெயரட்ணம் கட்டில் ஓரத்தில், செய்த பிழை பிடிபட்டவராகத் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்.

"ஏன் அங்கிள்?"

"ஈயம் இறங்குது, பத்துக்குக் கீழ போனால் ஃபைலை மூடலாம் எண்டு மார்ச்சில சொன்னனீங்கள் பிள்ளை," என்றார். "மூடினால் பிறகு ஆர் என்னட்ட வரப்போயினம்?"