சனிக்கிழமைச் சொட்டு

பத்துமலை தன் வெள்ளை வேட்டியை உதறி, துரையின் காருக்கு அடியில் விரித்தான்.

தீபாவளிக்கு எடுத்த வேட்டி. இரண்டு தடவைதான் கட்டியிருந்தான்.

ரப்பர் பால் வாளியோடு வந்த கருப்பம்மாள் அப்படியே நின்றுவிட்டாள். "காருக்கா வேட்டி கட்டிவிடுற? கிறுக்குப் புடிச்சிருச்சா தம்பி?"

"பாருங்கக்கா, பாருங்க!" என்றான். காருக்கு முன்னால் போய்க் கைப்பிடியைச் சுழற்றினான். என்ஜின் இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறில், ஈப்போவை அடுத்த லகாட் பக்கத்து அந்த ரப்பர்த் தோட்டத்தில் இருந்தது ஒரே ஒரு கார். அதற்கு ஒரே ஒரு நோய். என்ஜினின் விலாவில் வால்வுகளை மூடியிருக்கும் தகர மூடிகள் இரண்டிலும் எண்ணெய் கசியும். ஓடும்போது விலா முழுக்க வழியும். நின்றால் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழும்.

துரை அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எண்ணெய் குறைந்தால் ஊற்று, அவ்வளவுதான் அவருக்கு. டிரைவர் பத்துமலைக்குத்தான் ஆறு வாரமாகச் சோறு இறங்கவில்லை.

நட்டை இறுக்கினான். ஒழுகியது. இன்னும் இறுக்கினான். முன்னைவிட அதிகமாக ஒழுகியது.

இந்த வாரம்தான் மூடிகளைக் கழற்றி வெயிலில் பிடித்துப் பார்த்தான். விளிம்பு நெளிந்து கிடந்தது. இறுக்கி இறுக்கி அதைக் கெடுத்தவன் தானேதான் என்று தெரிந்ததும் வெட்கப்படவில்லை; விழுந்து விழுந்து சிரித்தான். காரணம் தெரிந்துவிட்டதே!

விளிம்பைத் தட்டிச் சமப்படுத்தத் தட்டையான இரும்பு வேண்டும். ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு மணியாக அடிக்க மரத்தில் தொங்கவிட்டிருந்த தண்டவாளத் துண்டுதான் கிடைத்தது. அதன்மேல் வைத்துத் தட்டினான். சத்தம் கேட்டு, தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் பாதிப் பேர் சோற்றுக் கையோடு ஓடி வந்து வரிசையாக நின்றார்கள். திட்டு வாங்கிக்கொண்டே தட்டி முடித்தான்.

துரை வீசியெறிந்த பழைய வெயில் தொப்பிக்குள் கார்க் தக்கை இருந்தது. அதை வெந்நீரில் ஊறவைத்து, கல்லுக்கடியில் தட்டையாக்கி, மூடிகளின் அளவுக்கு, கசிவை அடைக்கும் பேக்கிங் வெட்டினான். அரக்குத் தடவி ஒட்டினான். நட்டை இரண்டு விரலால் திருகி, அதற்குமேல் ஸ்பேனரால் கால் சுற்று மட்டும். 'இன்னும், இன்னும்' என்று கை துடித்தது. அடக்கிக்கொண்டான்.

இப்போது அந்த என்ஜின்தான் ஓடிக்கொண்டிருந்தது. பத்துமலை குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையில் வைத்து வேட்டியையே பார்த்தான். கருப்பம்மாளும் வாளியை இறக்கிவைத்துவிட்டுக் குனிந்தாள்.

பத்து நிமிடம். கால் மணி நேரம். மூடி தொட முடியாதபடி சுட்டது.

வேட்டி வெள்ளையாகவே இருந்தது.

பத்துமலை அதை உருவித் தலைக்குமேல் சுழற்றிக்கொண்டு காரை மூன்று சுற்று ஓடி வந்தான். கருப்பம்மாளின் காலில் விழுந்தான். எழுந்து இன்னொரு சுற்று ஓடினான். பங்களாவிலிருந்து இறங்கி வந்த துரை, என்ஜினைப் பார்த்தார், வேட்டியைப் பார்த்தார். இப்படிக் காரை நேசிக்கும் டிரைவரைத் தான் பார்த்ததே இல்லை என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்.

காரின்மேல் பத்துமலைக்கு அப்படியொன்றும் ஆசை கிடையாது.

சனிக்கிழமைதோறும் துரை ஈப்போ கிளப்பில் இறங்கிக்கொள்வார். திரும்ப ஆறு மணியாகும். அதற்குள், அவருக்குத் தெரியாமல், கார் பக்கத்திலிருக்கும் புந்தோங்குக்குப் போகும். மாடு வளர்த்துப் பால் விற்கும் ராமையாவின் கொட்டகைக்குப் பின்னால், சந்தில் நிற்கும். ராமையாவின் மகள் இருளாயி வேலிப் பக்கம் வந்தால் நாலு வார்த்தை. பால் ஊற்ற வெளியே போயிருந்தால் அதுவும் கிடையாது. காத்திருந்துவிட்டு வந்துவிடுவான்.

ஆறு வாரத்துக்கு முன்னால் ராமையாவின் சினைப்பசு அந்தச் சந்தில் கிடந்த எண்ணெயில் வழுக்கி உட்கார்ந்துவிட்டது. பசுவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால், 'எண்ணெய் சிந்துகிற கார்க்காரனைப் பிடித்து அவனுடைய துரை முன்னால் நிறுத்தாமல் விடமாட்டேன்' என்று ராமையா தெருவைக் கூட்டிச் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகும் பத்துமலையால் போகாமல் இருக்க முடியவில்லை.

அந்தச் சனிக்கிழமை துரையை இறக்கிவிட்டதும் சந்துக்குப் பறந்தான். நல்ல வேளை, இருளாயி வேலியோரம் இருந்தாள். காரை நகர்த்தி, அது நின்ற இடத்தைக் காட்டினான்.

"பாத்தியா? ஒரு சொட்டுகூட இல்ல. இனிமே நான் வாரதும் போறதும் ஒரு ஈக்குக்கூடத் தெரியாது!"

இருளாயி காய்ந்த மண்ணைப் பார்த்தாள். சிரிக்கும் என்று அவன் காத்திருந்த முகம் வாடிப்போயிற்று.

"எனக்கும் தெரியாதே," என்றாள். "பால் ஊத்திட்டு வந்ததும் மொதல்ல இங்கதான் ஓடி வருவேன். எண்ணெ புதுசா கெடந்தா, நீங்க வந்துட்டுப் போயிருக்கீங்கன்னு தெரிஞ்சிரும். அப்பா கண்ணுல படுறதுக்குள்ள சாம்பலப் போட்டுக் கூட்டிருவேன். பசு வழுக்குன அந்த ஒரு நாளுதான் மறந்துட்டேன்."

பத்துமலை வண்டியில் ஏறினான். சந்தைச் சுற்றிக்கொண்டு வந்து ராமையாவின் வீட்டு முன்வாசலில் காரை நிறுத்தி, ரப்பர் குமிழைப் பிடித்து, தெருவே திரும்பிப் பார்க்க ஹாரனை அமுக்கினான்.