எதிரில் இல்லாத போல்ட்

மலைக்கு ஆள் ஏற்றும் எங்கள் ஜீப்பின் பின் ஆக்ஸில் மூன்றாவது முறையாக உடைந்ததும், அதை ஓட்டும் ஜெனிட்டா அக்கா பெரிய வண்டி ஒன்றின் கனத்த ஆக்ஸிலை வாங்கி வந்தாள். அதில் சக்கரம் மாட்ட ஆறு போல்ட். எங்கள் சக்கரங்களிலோ ஐந்து துளை. "முன்னாடிக்கு ஒண்ணு, பின்னாடிக்கு ஒண்ணுன்னு ரெண்டு ஸ்டெப்னியத் தூக்கிக்கிட்டா மலையேறப் போற?" என்றார் ஜீப் ஸ்டாண்டில் செல்லையா அண்ணன். எல்லோரும் சிரித்தார்கள். ஆக்ஸிலில் அந்த ஆறு போல்ட்டையும் எடுத்துவிட்டு, எங்கள் சக்கரத்துக்கேற்ப ஐந்து துளை புதிதாகப் போடலாம். இடம் தவறினால் ஆக்ஸில் வீண். துளை போடும் லேத் பட்டறைக்காரர், போல்ட் வட்டத்தின் அகலம் பார்க்க, முன்சக்கரத்தின் ஒரு போல்ட்டிலிருந்து எதிர்ப்பக்கத்துக்கு டேப் பிடித்தார். "அஞ்சு இருந்தா நேர் எதிர்ல போல்ட்டு வராதுங்கண்ணே" என்றேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. "அவ சொல்றதக் கேளுங்க" என்றாள் அக்கா, என்னைக் காட்டி. ஒரு போல்ட்டிலிருந்து ஒன்று விட்டு அடுத்ததை அளந்தேன். கணக்குப் போட்டு, வட்டம் வரைந்து, துளை போட வேண்டிய ஐந்து இடத்திலும் ஆக்ஸிலில் புள்ளி குத்திக் கொடுத்தேன். மறுநாள் ஸ்டாண்டில், புது போல்ட்டுகளில் சக்கரம் ஒரே தள்ளலில் போய் உட்கார்ந்தது. அக்கா நட்டு முடுக்கவில்லை. செல்லையா அண்ணன் உட்பட எல்லோரும் எழுந்து வரும்வரை காத்திருந்தாள். பிறகு சக்கரத்தைக் கழற்றி என் பக்கம் உருட்டினாள்.

"இப்ப நீ மாட்டு."