தங்கை வீட்டு ராஜகுமாரன்

"பேப்பரைப் பாருங்க. முதல் பக்கத்துலயே படம்!"

அவள் நீட்டிய பேப்பரை, சாப்பிட்டுக்கொண்டிருந்த கணவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். எரிகிற கட்டடம், உயரமான ஏணி. அதன் உச்சியில், தோளில் ஒரு குழந்தையோடு அவள் தங்கையின் கணவன்.

"படம் தெளிவா வந்திருக்கு. கொஞ்சம் தண்ணி குடும்மா" என்றார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உலகமே வாய் பிளக்கிறது, இவருக்குத் தண்ணீர் வேண்டுமாம்!

கல்யாணத்துக்கு முன்னால் அக்காவும் தங்கையும் விழுந்து விழுந்து படித்ததெல்லாம் மாயாஜாலக் காதல் கதைகள்தான். யார் முதலில் படிப்பது என்று தலைமுடியைப் பிடித்துச் சண்டை போடுவார்கள். இளவரசன் சிறகு முளைத்த குதிரையில் வருவான், தீ கக்கும் மிருகத்தை ஒரே வெட்டில் சாய்ப்பான், காதலியை அள்ளிக்கொண்டு பறப்பான். தங்கைக்குக் குதிரை வரவில்லையே தவிர, சைரன் வைத்த சிவப்பு வண்டியில் ஒருத்தன் வந்தே விட்டான். ஆஜானுபாகு. தீயணைப்பு வீரன்.

அக்காவுக்கு வாய்த்தவர் மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர். கரப்பான் பூச்சியைக்கூட அடிக்க மாட்டார். காகிதத்தில் ஏந்திப் போய் வெளியே விட்டுவிட்டு, "போ, போய்ப் பொழைச்சுக்கோ" என்பார்.

அவள் வேலை பார்க்கும் தையல் கம்பெனியில், சாப்பாட்டு வேளையில் பேச்செல்லாம் தங்கை புருஷனைப் பற்றித்தான். "எங்க வீட்டு மாப்பிள்ளை இருக்காரே..." என்று ஆரம்பித்தால், பட்டன் தைக்கிற பெண்கள் கையில் எடுத்த சோற்றை மறந்துவிடுவார்கள். சொல்லச் சொல்லப் பெருமை. சொல்லி முடித்ததும் நெஞ்சுக்குள் நெருஞ்சி முள். ஒரே வயிற்றில் பிறந்தோம், ஒரே புத்தகத்தைத்தான் படித்தோம். அவளுக்கு மட்டும் எப்படி?

அந்த வயிற்றெரிச்சல் முழுக்க வீட்டுக்கு வந்ததும் இவர் தலையில் இறங்கும்.

"அவர் ஆம்பளை. நீங்களும் இருக்கீங்களே!"

"ஸ்டூல் மேல ஏறினாலே எனக்குத் தலை சுத்தும். என்னை விட்டுடும்மா" என்று சிரிப்பார்.

படம் வந்த வாரத்திலிருந்து புதுசாக ஒரு பழக்கம் தொற்றிக்கொண்டது அவருக்கு. சாயங்காலம் போன் அடிக்கும். உடனே, "காயப்போட்ட துணியை எடுத்துட்டு வர்றேன்" என்று மொட்டை மாடிக்குப் போவார். நாலு துணியை எடுக்க அரை மணி நேரம்.

ஒரு நாள் சத்தம் காட்டாமல் பின்னாலேயே ஏறினாள்.

"அழாதம்மா. நான் இருக்கேன்ல? மூச்சை நல்லா இழுத்து விடு... ஆங், அப்படித்தான்." அப்புறம் குரல் இன்னும் தணிந்தது. "அவகிட்ட மட்டும் மூச்சு விட்டுடாதே."

அவள் கடைசிப் படியிலேயே நின்றுவிட்டாள். இந்த மனுஷனிடம் இப்படியொரு குரல் இருக்கிறதா? இத்தனை வருஷத்தில் நமக்குக் காட்டாத குரல்!

அவர் குளிக்கப் போனதும் போனை எடுத்துப் பார்த்தாள். தங்கையின் நம்பர். நேற்றும் அதே. முந்தாநாளும் அதே.

ராஜகுமாரன் ஒருத்தன் போதவில்லையா இவளுக்கு? என் வீட்டு மூக்குக் கண்ணாடியும் வேண்டுமா?

மறுநாள் காலையில் வேலைக்குப் போகவில்லை. நேராகத் தங்கை வீட்டுக்குப் போனாள். தீயணைப்பு நிலையத்தை ஒட்டிய குடியிருப்பு. கதவைத் திறந்த தங்கைக்கு முகமெல்லாம் வீங்கியிருந்தது.

"என் புருஷன்கூட தினமும் உனக்கு என்னடி பேச்சு?"

 தங்கை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"வண்டி கிளம்பினா இவரு போனை எடுக்க மாட்டாருக்கா. திரும்பி வந்தாத்தான் உசிரு இருக்குன்னு எனக்குத் தெரியும். பேப்பர்ல படம் வந்துச்சே... அன்னைக்கு இவரு பின்னாடியே ஏறினவர் இன்னும் ஆஸ்பத்திரியில கெடக்காரு. அதுல இருந்து சைரன் கேட்டாலே எனக்குக் கைகால் உதறுது."

"என்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"முதல்ல உனக்குத்தான் போன் போட்டேன். நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள, 'இன்னைக்கு மாப்பிள்ளை எத்தனாவது மாடிடி?'ன்னு ஆசையாக் கேட்டே. என்ன சொல்றதுன்னு தெரியலை. வச்சுட்டு மாமாவுக்குப் போட்டேன்."

அக்காவும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அவரு... என்னடி பேசுவாரு?"

"எதையாவது பேசுவாரு. யாருக்கு லென்ஸ் மாத்தினாரு, யாரு கண்ணாடி மேலயே உக்காந்து உடைச்சாங்க... வண்டி திரும்பி வர்ற சத்தம் கேட்கிற வரைக்கும் போனை வைக்க மாட்டாரு." தங்கை மூக்கை உறிஞ்சினாள். "உன்னைப் பார்த்தா எனக்குப் பொறாமையா இருக்குக்கா. பொழுது சாஞ்சா உன் வாசல்ல செருப்புச் சத்தம் கேட்டுடுது."

வரும் வழியெல்லாம் கோத்து வைத்திருந்த வசவுகளில் ஒன்றுகூட அக்காவுக்கு இப்போது நினைவுக்கு வரவில்லை.

"இதை எதுக்குடி எனக்குத் தெரியாம மறைக்கணும்?"

"மாமாதான் சொல்ல வேணாம்னாரு. 'உங்கக்கா ஆசைப்பட்ட ராஜகுமாரனா என்னால ஆக முடியலை. உன் வீட்டுலயாவது ஒருத்தர் இருக்காருன்னு ஊரெல்லாம் சந்தோஷமா சொல்லிக்கிட்டுத் திரியறா. அவரை நெனச்சு நீ அழறது தெரிஞ்சா, பாவம், அவளுக்கு அதுவும் இல்லாமப் போயிடும்'னாரு."