பரமத்தி வேலூரில் ஒரு ரசிகர்

"அப்ப நீங்க ஊதறதில்லீங்களா?" என்று மறுபடியும் கேட்டார் தனபால்.

"இல்லீங்க. சாக்ஸபோன் வேறொருத்தர், டிரம்ஸ் வேறொருத்தர். நான் ஜாஸ் ஆல்பம் போடற கம்பெனி நடத்தறேன். தயாரிப்பாளர்" என்றான் ஜெர்ரி.

"அதுல உங்க வேலை என்னங்க?"

"காசைப் போடறது. போட்டதை மறந்துடறது" என்றாள் அவன் மனைவி அக்சிலியா.

சேலத்தில் ஜெர்ரி வெளியிட்ட ஆல்பங்களை இதுவரை உறவினர்கள்தான் கேட்டிருந்தார்கள். அவர்களும் பாதியில் எழுந்து போனார்கள். கம்பெனியை மூடிவிட்டு, சங்ககிரியில் தன் அண்ணனின் லாரி ஆபீசில் போய் உட்காரச் சொல்லிவிட்டாள் அக்சிலியா.

அந்த நேரத்தில்தான், இணையத்தில் ஆல்பத்துக்குக் கீழே இருந்த நம்பரைப் பார்த்துப் பரமத்தி வேலூரிலிருந்து தனபால் போன் செய்தார். "அடுத்தது எப்பங்க வரும்?"

சொந்தக்காரர் அல்லாத ஒருவர் மெய்யாகவே ரசித்தால் கம்பெனி தொடரலாம் என்று வீட்டில் ஒப்பந்தம். இருவரும் பஸ் ஏறி அவர் தோட்டத்துக்கே வந்துவிட்டார்கள்.

"தினமும் கேப்பீங்களா?" அக்சிலியா விசாரணையைத் தொடங்கினாள்.

"விடியக்காலமும் பொழுதோடயும் போட்டுருவேனுங்க. பக்கத்துத் தோட்டத்துச் சின்னண்ணனும் போன்ல ஏத்திக்கிட்டுப் போனாரு."

அக்சிலியா குழம்பினாள். அந்த ஆல்பத்தில் எது ஆரம்பம், எது முடிவு என்றே அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை.

"சினிமாப் பாட்டை விட்டுட்டு இதை எதுக்குங்க?"

"அதெல்லாம் ரெண்டு நாள்ல பழகிப் போயிருதுங்க. இதுல ஒருக்கா வந்தது மறுக்கா வராது. அடுத்து என்ன வரும்னு ஊதறவருக்கே தெரியாதாட்ட இருக்குது!"

ஜெர்ரியின் கண்கள் கலங்கின. ஜாஸ் என்றால் என்னவென்று இத்தனை தெளிவாக அவனே யாரிடமும் சொன்னதில்லை.

"சரி, நடத்துங்க. அண்ணன்கிட்ட நான் சொல்லிக்கறேன்" என்றாள் அக்சிலியா, ஒன்றும் புரியாமலே.

"ஒரே ஒரு கோரிக்கைங்க சாமி. அடுத்ததுல அந்தக் குழல் இன்னுங் கொஞ்சம் வீறிடட்டும்." தனபால் கடலைக்காட்டு வரப்பில் கட்டியிருந்த ஒலிபெருக்கியைக் காட்டினார். "இதைப் போட ஆரம்பிச்சதுல இருந்து ஒரு மயிலுகூட காட்டுக்குள்ள கால் வெக்கறதில்லீங்க."

சங்ககிரிக்கு எத்தனை மணிக்குப் பஸ் என்று விசாரித்தான் ஜெர்ரி.

"கொஞ்சம் இருங்க" என்று அவனை அடக்கிவிட்டு அக்சிலியா கேட்டாள்: "ஏனுங்க, காட்டுப்பன்னிக்கும் கேக்குதுங்களா?"