சாவுக்கு அஞ்சாத நாணு

ஜோகுபாளையத்து நாணு, ஜெர்மன் தத்துவஞானி ஒருவரைக் குரு யாரும் இல்லாமல் தானே படித்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் புரிய ஒரு வாரம் ஆகும். ஆனால் மனைவி ஸ்ரீரஞ்சனிக்குப் பிரசங்கம் மட்டும் தினமும் உண்டு.

"சாவை நேருக்கு நேரா பாக்கறவன்தான் மனுஷன், ரஞ்சனி. மத்தவன்லாம் பயந்து ஓடறவன். உனக்கு எங்க புரியப்போகுது!"

"ஸ்வல்ப நிறுத்துங்க. ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் வந்தது."

தம்பதிக்குத் தள்ளுபடி என்று போன வாரம்தான் இருவரும் முழு உடல் பரிசோதனை செய்துகொண்டிருந்தார்கள்.

"என்னவாம்?"

"வயித்து ஸ்கேன்ல ஏதோ கட்டி தெரியுதாம். நாளைக்கே டாக்டரைப் பாக்கணுமாம்."

நாணு மனைவியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். கடைசியாக எப்போது பிடித்தார் என்று அவளுக்கே ஞாபகமில்லை.

"பெரிய ஆஸ்பத்திரிக்கே போயிடலாம் ரஞ்சனி. வீட்டை வித்தாலும் பரவாயில்ல. எனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல? சொல்லேன்!"

அவள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கு எல்லாம் நார்மல்ங்க. கட்டி எனக்கு."

"அப்பாடா!" என்று கையை விட்டார் நாணு. "இதை முதல்லயே சொல்லக் கூடாதா?"