பன்னிரண்டு இடம்

"என் பிணத்தைத் தாண்டித்தான்டி நீ இந்தப் படிப்புல சேரணும்."

தையற்காரம்மா போட்ட சத்தத்தில் வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கையில் இருந்த பல்கலைக்கழகக் கையேட்டை இரண்டாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டாள். பக்கத்தில் நின்ற மகளுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

பெற்றோர் பிள்ளைகளோடு வந்து படிப்புகளைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கட்டும் என்று பல்கலைக்கழகம் கதவைத் திறந்துவிட்டிருந்த சனிக்கிழமை அது. செயற்கைக் கை, கால் செய்யக் கற்றுத்தரும் துறையின் வாசலில் நல்ல கூட்டம். மொத்தமே பன்னிரண்டு இடம்தான். நேர்காணலுக்கு ஒரு மணிக்குள் பெயர் கொடுக்க வேண்டும், விட்டால் அடுத்த வருஷம்.

தையற்காரம்மாவுக்கு நேர் முன்னால் ஒரு பேருந்து ஓட்டுநரும் அவருடைய மகனும் நின்றார்கள். மகனுக்கு இந்தப் படிப்பு என்றால் உயிர். மூன்று மாதம் வீட்டில் சண்டை நடந்து, போன வாரம்தான் ஓட்டுநர் அரைமனதாகத் தலையாட்டியிருந்தார்.

"இத்தனை பேர் வந்து நிக்கிறாங்களே, இவங்கல்லாம் முட்டாளாம்மா?" மகளும் லேசுப்பட்டவள் இல்லை.

"அவங்களுக்கு விஷயம் தெரியாது, நிக்கிறாங்க. உங்க பெரியம்மா மகன் இங்க நாலு வருஷம் படிச்சானே, இப்ப எங்க இருக்கான்?"

"அண்ணன் செருப்புக்கடையில நிக்கிறது அவன் தலையெழுத்து. அவனுக்கு வேலை கிடைக்கலன்னா எனக்கும் கிடைக்காதா?"

அடுத்த வீட்டுச் சண்டை என்றால் யாருக்குத்தான் காது நீளாது? ஓட்டுநர் மெல்லத் திரும்பினார்.

"ஏம்மா, நிஜமாவே இங்க படிச்ச பிள்ளையா?"

"அந்த வயித்தெரிச்சலை ஏன் சார் கேக்குறீங்க? கூடப் படிச்சவங்கள்ல ரெண்டே பேருக்குத்தான் வேலை. அதை விடுங்க. அச்சு எடுக்க ஒரு மாவு கரைப்பாங்களாம், அந்தத் தூசி போய் நெஞ்சுல உட்கார்ந்துக்கிச்சு. இந்த வயசுல நாலு படி ஏறினா அவனுக்கு மூச்சு வாங்குது."

"அவன் முகமூடி போட்டுக்கல, அதான் வந்துச்சு," என்றாள் மகள் வெடுக்கென்று. "எல்லாருக்குமா வருது?"

"எல்லாருக்கும் வராதாம் சார், கேட்டுக்குங்க."

இரண்டு பேர் தள்ளி நின்ற மூக்குக்கண்ணாடிப் பெண்மணி தன் பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே நடந்தாள். அவளைப் பார்த்து இன்னொரு குடும்பமும் கிளம்பியது. வரிசை நகர்ந்தபோது தையற்காரம்மா திட்டிக்கொண்டே பையைத் தூக்கி இரண்டடி முன்னால் வைத்தாள்.

"கேட்டியாடா?" என்றார் ஓட்டுநர் மகனிடம்.

"அது அவங்க வீட்டுச் சண்டைப்பா. நமக்கென்ன?"

"நெஞ்சுல தூசி போனா நமக்கென்னவா? கிளம்பு."

"உள்ள போய் வாத்தியாரையே கேப்போம்ப்பா. அஞ்சு நிமிஷம்."

"தன் சரக்கை எவன்டா சொத்தைன்னு சொல்லுவான்?"

"யாரோ ஒருத்தங்க சொன்னா நம்புறீங்க. ரெண்டு வருஷமா நான் சொல்றேனே, அது உங்க காதுல ஏறலையா?"

"ஏறல. சோறு போடாத படிப்பு எனக்கு வேண்டாம்."

மகன் கையில் இருந்த விண்ணப்பத்தை ஓட்டுநர் பிடுங்கி நான்காக மடித்துச் சட்டைப்பையில் திணித்தார். பெற்ற தகப்பனை அவ்வளவு வெறுப்போடு அவன் பார்த்தது அன்றுதான்.

"இனிமே என் படிப்பைப் பத்தி எங்கிட்டப் பேசாதீங்க."

"பேசல. நட."

போகிற போக்கில் ஓட்டுநர் தையற்காரம்மாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "நல்ல நேரத்துல சொன்னீங்கம்மா. இல்லன்னா பிள்ளையைக் கொண்டுபோய்ப் பள்ளத்துல இறக்கியிருப்பேன்."

மகன் தையற்காரம்மாவின் மகளிடம் நின்றான். "நீயாவது விட்டுக்கொடுக்காத. எப்படியாவது சேர்ந்துடு," என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று படியிறங்கினான். அவள் தலையை நிமிர்த்தவே இல்லை.

அரை மணி நேரத்தில் வரிசை கரைந்துபோயிற்று. உள்ளே மேசையில் உட்கார்ந்திருந்த எழுத்தர் நோட்டைத் திருப்பி வைத்தார்.

"போன வருஷம் அறுபது பேர் எழுதினாங்க. இந்தத் தடவை என்னமோ உன்னோட சேர்த்துப் பதினாலுதான். உங்கம்மாவுக்குச் சம்மதமா? வாசல்ல சத்தம் கேட்டுச்சே."

மகள் பெயரையும் தொலைபேசி எண்ணையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். தையற்காரம்மா குனிந்து எண் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள்.

வெளியே வந்ததும் மகள் தூணில் சாய்ந்துகொண்டாள். "அந்தப் பையனை நெனச்சா கஷ்டமா இருக்கும்மா."

தையற்காரம்மா பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினாள்.

"தொண்டையை நனைச்சுக்க. அடுத்து பல் டாக்டர் படிப்பு வரிசையில நீ கத்து, நான் அழறேன்."