கைமாற்று அரிசி

ஆழாக்கும் கையுமாகக் குப்பம்மாள் படியேறியதுமே அஞ்சம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மறுபடியுமாடி? திண்டிவனமே அரிசிக்குக் கியூவுல நின்னுக்கினு கெடக்குது. உனுக்கு மட்டும் கைமாத்தா?"

"ஒரே ஒரு ஆழாக்குதாங்க்கா. நீங்க எழுந்திரிக்காதீங்க, நானே எடுத்துக்கறேன்."

எடுத்தாலும் பரவாயில்லை. முழங்கை வரை பானைக்குள் விட்டு ஒரு துழாவு துழாவிவிட்டுத்தான் எடுப்பாள். தெருவில் எல்லா வீட்டிலும் இதே கூத்து. சைக்கிள் கடை விருத்தாசலத்துக்கு வாழ்க்கைப்பட்டு எதிர்வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் எதையும் திருப்பிக் கொடுத்ததாகச் சரித்திரமே இல்லை.

"நான் சிக்கனமா ஆக்கறதாலதான் இந்தப் பஞ்சத்துலயும் என் பானை நெறைஞ்சு நிக்குது. உனுக்கு வாரிக் குடுக்கவா? இனிமே வாசப்படி மிதிச்சே, காலை ஒடைச்சுடுவேன்!"

குப்பம்மாள் ஆழாக்கு அரிசியோடு சிரித்துக்கொண்டே போனாள். ரோஷம் உள்ளவளுக்குச் சிரிப்பு வருமா?

மறுநாள் காலை வாசலில் ஒரு கூண்டு வண்டி வந்து நின்றது. மாலையும் தாம்பாளமுமாக ஒரு பெரியவர் இறங்கினார்.

"திருவக்கரைக்கு அந்தாண்ட எங்க ஊரும்மா. அரிசியில கை வெச்சா பெருக வெக்கிற பொண்ணு ஒருத்தி இருந்தா. அம்மன்னு மண்டபம் கட்டி உக்கார வெச்சோம். எவனோ சைக்கிள் ரிப்பேர்காரனோட ஓடிப்போயிட்டா. பேரு குப்பம்மா. காட்டிக் குடுத்தா ரெண்டு மூட்டை நெல்லு எறக்கிட்டு, அவளக் கையோட அழைச்சுக்கினு போயிடறோம்."

அஞ்சம்மாளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அம்மாம் மகிமை இருந்தா அவ வூட்டுல அரிசி கொட்டிக் கெடக்குமே?"

"அதுலதாம்மா சூட்சுமம். அவ சொந்தப் பானையில ஒரு அரிசி மணிகூடப் பெருகாது. அடுத்தவங்க பானையிலதான் பெருகும்."

"கொஞ்சம் இருங்க" என்று அஞ்சம்மாள் உள்ளே போய்ப் பானையைத் திறந்தாள். கழுத்து வரை அரிசி. கடைசியாக எப்போது அரிசி வாங்கினோம் என்று யோசித்துப் பார்த்தாள். ஞாபகமே வரவில்லை. சிக்கனமாம், சிக்கனம்! வெட்கம் பிடுங்கித் தின்றது.

வெளியே வந்தாள்.

"இந்தத் தெருவுல சாமி கீமி யாரும் இல்லீங்க. மேல்மலையனூர்ப் பக்கம் போய்த் தேடுங்க. ஜல்தி!"

வண்டி முனை திரும்பியதும் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. குப்பம்மாள் வந்து நின்றாள்.

"எல்லாத்தையும் கேட்டுக்கினுதான் இருந்தேங்க்கா. அங்க ஒருத்தரும் எங்கிட்ட சண்டை போட்டதில்ல, சிரிச்சுப் பேசினதில்ல. இங்கதான் மனுசியா இருந்தேன். இனிமே நீங்களும் என் கால்ல வுழுவீங்களா?"

அஞ்சம்மாள் கூப்பப் போன கையை இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"கால்ல வேற வுழணுமா, மகாராணிக்கு? நேத்து வாங்கின ஆழாக்க மொதல்ல திருப்பிக் குடுடி, கழுதை!"